மேகம் மூடிய இரவில் ஒளி

கிர்க்கெனெஸ், அவசர அழைப்பு அறை.
மணி மூன்று பத்து. காபி ஆறிவிட்டது.
வார்டோ தீவிலிருந்து ஓர் ஆண்குரல்:
"இது அவசரமா என்றுகூடத் தெரியவில்லை."
இப்படித் தொடங்குகிறவர்களுக்குத்தான்
நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன்.

பெயர் ஐலிஃப். நண்டுப் படகில் வேலை.
மனைவி ஸுன்னிவா. பிள்ளை பிறந்து ஆறு நாள்.
இந்த ஆண்டுக்கான கடைசிச் சூரியன்
எட்டிப் பார்த்துவிட்டுப் போன அன்று பிறந்தவள்,
இன்னும் பெயர் வைக்கவில்லை.
"தலைவலி என்கிறாள். தூக்கம் கெட்டதால் இருக்கும்.
இரண்டு முறை மாத்திரை கொடுத்தேன்,
வலி அசையவில்லை."

தூக்கம் கெட்டது.
அந்தச் சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம்.
பெற்றெடுத்தவளின் ஒவ்வொரு வலிக்கும்
ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது:
பால் கட்டியது, குளிர் பட்டது, கவலை,
முதல் பிள்ளை அல்லவா, போகப் போகப் பழகிவிடும்.

நான் கேட்கத் தொடங்கினேன்.
முதுகில் ஊசி போட்டார்களா? இல்லை.
(போட்டிருந்தால், எழுந்தால் இடித்து
படுத்தால் அடங்கும் வலி ஒன்று உண்டு. அது வேறு கதவு.)
படுத்தால், இருமினால் கூடுகிறதா? "ஒரே மாதிரிதான்."
இடி விழுந்ததுபோல் ஒரே நொடியில் வந்ததா?
"நேற்று மாலையிலிருந்து, மெல்ல மெல்ல."
காய்ச்சல்? கழுத்து குனிகிறதா?
பேச்சு குழறுகிறதா? ஒரு கை மட்டும் மரத்துப்போகிறதா?
இல்லை. இல்லை. இல்லை.
ஒவ்வோர் இல்லைக்கும் அவன் குரல் கொஞ்சம் இளகியது.
என்னுடையது இளகவில்லை.

"இன்னொன்று," சிரித்தபடி சொன்னான்,
"படுக்கையில் இருந்தபடியே
அவளுக்கு வடக்கொளி தெரிகிறதாம்.
பச்சையாக, ஓரத்தில் துடித்துக்கொண்டு."

என் முன்னால் வானிலைத் திரை.
வார்டோ மேல் பனிமேகம், ஒரு பொத்தல்கூட இல்லாமல்.
"ஐலிஃப், திரைச்சீலை திறந்திருக்கிறதா?"
பதில் வரச் சற்று நேரமானது.
"மூடியிருக்கிறது."
"கண்ணை மூடச் சொல். இப்போதும் தெரிகிறதா?"
தூரத்தில் அவள் குரல், முதல் முறையாக:
"இப்போதுதான் நன்றாகத் தெரிகிறது."

மோதிரம் கழல்கிறதா என்றேன். நேற்றே கழலவில்லை.
வலது விலாவுக்குக் கீழே?
"நிறையச் சாப்பிட்டதுபோல் இருக்கிறதாம்.
ஆனால் அவள் எதுவும் சாப்பிடவில்லை."

"கர்ப்பத்தில் ஒருமுறைகூட ரத்த அழுத்தம் ஏறவில்லையே,
எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே" என்றான்.
முடிந்துவிட்டது என்று யார் சொன்னது?
பிள்ளை வெளியே வந்த பிறகும்
சில நாள், சில வாரம் கழித்துக்கூட
ஏறத் தொடங்கும் அழுத்தம் இது.
அவனிடம் இதைச் சொல்லவில்லை.
ஆம்புலன்ஸைக் கிளப்பிவிட்டுச் சொன்னேன்:
"விளக்கைக் குறை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவை.
உடம்பு வெட்டி இழுத்தால் வாயில் எதையும் திணிக்காதே.
அக்கம்பக்கத்தில் அழுத்தம் பார்க்கும் கருவி யாரிடமாவது உண்டா?"

எதிர்வீட்டு குட்முண்டிடம் இருந்தது,
அவருடைய பலவீனமான இதயத்துக்காக.
பனியில் செருப்போடு ஓடிவந்தார்.
காற்றுப்பட்டை உப்புவதும் சீறி அடங்குவதும்
தொலைபேசி வழியே எனக்குக் கேட்டது.
நூற்று எழுபத்தாறு. கீழே நூற்றுப் பதினான்கு.
"கருவி பழையது, தப்பாகக் காட்டும்" என்றார் குட்முண்ட்.
மறுபடி பார்த்தார். பிறகு பேசவில்லை.

மக்னீசியம் ஏறும்போது
உடம்பெல்லாம் வெந்நீர் ஓடுவதுபோல் இருக்கும்.
அவளுக்கும் அப்படித்தான் இருந்ததாம்.
பெரும்பாலான அழைப்புகளின் முடிவு எனக்குத் தெரிய வராது.
இது தெரியும். பிப்ரவரியில், சூரியன் திரும்பிய பிறகு,
ஐலிஃப் இதே எண்ணில் கூப்பிட்டான்.
இது அவசரத்துக்கான எண் என்று திட்டினேன்.
"தெரியும். குழந்தைக்குப் பெயர் குட்முண்டா.
ஸுன்னிவாவுக்குப் பிடிக்கவில்லை,
ஆனால் வேறு வழியில்லை" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அடுத்த விளக்கு ஒளிர்ந்தது.
ஒரு பெண், தயங்கித் தயங்கி:
"சின்ன விஷயம்தான். தொந்தரவு கொடுக்கிறேனோ..."
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.